ஒரு இடம், ஒரு பெயர்

என் கடைக்கு ஷட்டர் இருக்கிறது. உள்ளே ட்யூப் லைட், கீழே வழவழவென்று டைல்ஸ், வாசலில் என் பெயர் எழுதிய பலகை. திருப்பதியில் பை தைக்கிறவனுக்கு இப்படி ஒரு கடையா என்று சொந்தக்காரர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அதிர்ஷ்டம் என்கிறார்கள். அதிர்ஷ்டமாவது மண்ணாவது. இது இன்னொருத்தர் வயிற்றுப்பாட்டைப் பிடுங்கிக் கட்டிய கடை. பிடுங்க வேண்டும் என்று நினைத்து நான் பிடுங்கவில்லை. ஆனால் கைக்கு வந்த பிறகு திருப்பிக் கொடுக்கவும் இல்லை.

ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற சந்து. மலைக்குப் போகிறவர்கள் முன்பெல்லாம் அங்கே இருந்த லாட்ஜுகளில்தான் தங்குவார்கள். வெளியே பெரிய ஓட்டல்கள் வந்ததும் லாட்ஜுகள் ஒவ்வொன்றாக மூடின. சுவர்களில் அரசஞ்செடி முளைத்தது. சாக்கடை நடுத்தெருவில் ஓடியது. சாயங்காலம் ஆனால் பெண்கள் அந்தப் பக்கம் வரப் பயப்படுவார்கள். ஆனாலும் மலை பஸ்ஸுக்கு அது குறுக்கு வழி. அதனால் காலிலே செருப்பில்லாத கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு அந்தச் சாக்கடையைத் தாண்டித் தாண்டிப் போகும். அந்தக் கூட்டத்தை நம்பித்தான் நாங்கள் இருந்தோம்.

மூடிக் கிடந்த ஒரு லாட்ஜின் சுவரோரம் பத்தடி இடம். மேலே நீலத் தார்ப்பாய், கீழே உட்கார ஒரு கருங்கல். அந்தப் பத்தடியில் மூன்று பேர் பிழைத்தோம். விடிவதற்கு முன்னாலிருந்து காலை பத்து மணி வரைக்கும் புத்தூர் அக்கா இட்லி விற்பார். புருஷன் இல்லாதவர், அந்த இட்லியில்தான் மகளுக்குக் கல்யாணம் செய்துவைத்தார். பத்து மணியிலிருந்து நாலு மணி வரை நான். நகரியிலிருந்து ஒரு தையல் மிஷினோடு வந்தவன். பக்தர்களின் பைகளில் ஜிப் போகும், வார் அறும், நான் தைத்துக் கொடுப்பேன். நாலு மணிக்கு மேல் சந்திரகிரிக்காரர் ஒருவர் மிளகாய் பஜ்ஜி போடுவார். தெலுங்குக்காரர். எங்களோடு பழகித் தமிழையும் ஒரு கை பார்ப்பார்.

எங்களுக்குள் இரண்டு கட்டுப்பாடு இருந்தது. இரண்டையும் போட்டவர் அக்கா. முதலாவது, கிளம்புகிறவர் அடுத்து வருகிறவருக்காக இடத்தைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். பத்து மணிக்கு நான் மிஷினைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஈர மண் வாசனை அடிக்கும். கருங்கல் துடைத்திருக்கும். அக்கா அண்டாவைக் கவிழ்த்துக்கொண்டே, "வா ராஜா, வந்து ஒக்காரு, சிம்மாசனம் ரெடி" என்பார். தாமதமாகப் போனால், "இன்னா, பொண்டாட்டி எழுப்பலையா? நான் வந்து எழுப்பட்டா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார்.

இரண்டாவது கட்டுப்பாடுதான் எங்களைக் கெடுத்தது. முனிசிபாலிட்டி ஆளோ போலீஸோ வந்து, இந்த இடம் யாருடையது என்று கேட்டால், அந்த நேரத்தில் அங்கே உட்கார்ந்திருப்பவர் "என்னுது" என்று சொல்ல வேண்டும். மூன்று பேர் என்று வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் மூன்று பேரிடமும் கறப்பார்கள். நான் அங்கே சேர்ந்த முதல் நாளே அக்கா சொல்லிக்கொடுத்தார்: "எவன் வந்து கேட்டாலும் என்னுது, நான் ஒருத்தன்தான்னு சொல்லு. யோசிச்சிக்கினு நின்னா தொலைஞ்ச." வருஷக்கணக்கில் அப்படியே சொன்னோம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அப்புறம் கம்பெனி வந்தது. பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். ஆளுக்கு ஒரு சமோசா, ஒரு தொப்பி. சட்டையை இன் பண்ணிய அதிகாரி ஒருவர் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பேசினார். செத்துப்போன இந்தப் பேட்டையைத் தனியார் பணம் போட்டு எழுப்பப் போகிறார்களாம். ஆனால் ஏழைகளை விரட்டிவிட்டு மால் கட்டுகிற கம்பெனி இது இல்லையாம். இருக்கிறவர்கள் எல்லாரையும் சேர்த்துக்கொண்டுதான் கட்டுவார்களாம். நாங்களும் இதில் பங்குதாரர்களாம்.

"இன்னா சொல்றான்?" என்று அக்கா என் விலாவில் இடித்தார்.

"நம்மளும் பங்காளிங்களாம்."

"பங்காளியா? எங்க வூட்டுப் பங்காளிங்க கெணத்துக்கு அடிச்சிக்கினு இன்னும் கோர்ட்டுக்குப் போய்க்கினு கீறானுங்க. இவன் வேறயா?"

பஜ்ஜிக்காரர் இரண்டாவது சமோசாவை வாங்கிக்கொண்டு வந்து, "அக்கா, பங்கு வருதோ இல்லையோ, இது வந்திச்சி. துன்னு" என்றார். சிரித்தோம்.

அதற்குப் பிறகு கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். பகல் ஒரு மணி. கையில் அளக்கிற டேப், தலையில் துப்பட்டா, முகமெல்லாம் வேர்வை. கருங்கல்லில் உட்காரச் சொன்னேன், தண்ணீர் கொடுத்தேன். இந்த இடம் யாருடையது என்று தெலுங்கில் கேட்டாள். "நாதே" என்றேன். என்னுடையதுதான். ஆதார் கேட்டாள், கொடுத்தேன். மிஷினோடு நிற்க வைத்துப் படம் எடுத்தாள். எழுந்து போனவள் திரும்பி வந்து, "அண்ணா, இந்த இடத்துல வேற யாராவது வியாபாரம் பண்றாங்களா?" என்று கேட்டாள். இந்தத் தடவை தமிழில் கேட்டாள். எனக்குப் புரிய வேண்டும் என்று.

"இல்லம்மா, நான் ஒருத்தன்தான்" என்றேன்.

கம்பெனியைத் திட்ட எனக்கு ஆயிரம் வார்த்தை இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டாள். இரண்டு தடவை கேட்டாள். அதை மறைத்துவிட்டு இதை எழுதினால் நான் மனுஷனே இல்லை.

நாலு மணிக்கு வந்த பஜ்ஜிக்காரரிடம் சொன்னேன். "கரெக்டா சொன்ன" என்றார். மறுநாள் அக்காவிடம் சொன்னேன். அவரும், "அதான், வாயை வுடாத" என்றார். மூன்று பேருக்குமே அது இன்னொரு கறக்கிற கூட்டம். யாரோ கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நம்புகிற பழக்கம் எங்களுக்கு இல்லை. கொடுக்க வருகிறவனும் பிடுங்க வருகிறவனும் ஒரே மாதிரி கேள்வி கேட்டால் நாங்கள் எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

ஆறு மாதம் கழித்து லாட்ஜ் சுவரில் பட்டியல் ஒட்டினார்கள். கட்டப் போகிற வளாகத்தில் கடை கிடைக்கிறவர்களின் பட்டியல். எங்கள் பத்தடிக்கு நேராக ஒரே ஒரு பெயர். என் பெயர்.

பஜ்ஜிக்காரர் அதைப் படித்துவிட்டு என் அம்மாவை இழுத்துத் தெலுங்கில் ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கே வண்டியைத் தள்ளிக்கொண்டு சந்திரகிரிக்குப் போய்விட்டார். அங்கே அவர் மச்சானுக்கு இடம் இருந்தது. அக்காவுக்கு எங்கேயும் இடம் இல்லை. நானும் அவரும் கம்பெனி ஆபீசுக்குப் போனோம். கூட்டத்தில் பேசின அதே அதிகாரி. நன்றாகத்தான் பேசினார். டீ வரவழைத்தார்.

"இதை முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார். ஒரு இடம், ஒரு பெயர். அதுதான் விதி. நான் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் கடை அக்காவுக்குப் போகாது, கம்பெனிக்கே திரும்பிப் போகும், அதை ஏலம் விடுவார்கள். சரி, பழையபடி நேரம் பிரித்து நடத்துகிறோம் என்றேன். வளாகத்தின் கேட் ஒன்பது மணிக்குத்தான் திறக்குமாம். அடுப்பு மூட்டக் கூடாதாம்.

"ஒம்போது மணிக்கு எவன்யா இட்லி துன்றான்?" என்றார் அக்கா. "மலைக்குப் போறவன் நாலு மணிக்கே குளிச்சிட்டு வந்து நிப்பான். அவன் வயித்துக்கு நீ கேட்டு போட்டு வெச்சிருக்கியா?"

அதிகாரி சிரித்தார். மாடியில் ஃபுட் கோர்ட் வருகிறது, டெபாசிட் கட்டினால் அம்மாவும் விண்ணப்பிக்கலாம் என்றார். டெபாசிட் எவ்வளவு என்று தெரிந்ததும் அக்கா டீயைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

வெளியே வந்து, "அக்கா, எனக்கும் வேணாம், நான் வுட்டுடறேன்" என்றேன்.

"நீ வுட்டா எனக்கு வருமா?"

"வராது."

"அப்புறம் எதுக்கு வாயாலயே வள்ளல் ஆவுற? போ, போய் வேலையப் பாரு."

எனக்கு அப்போது நிம்மதியாக இருந்தது. அதைச் சொல்லவே கூசுகிறது. இருந்தாலும் உண்மை. வீட்டில் என் மனைவியும் அதையே சொன்னாள்: "நீ வுட்டுட்டா எவனோ ஒரு பணக்காரன் எடுத்துக்குவான். அதுக்கு நாமளே இருக்கலாம்." அவள் சொன்னதில் தப்பு இல்லை. ஆனால் அந்தப் பட்டியலைத் திருத்துகிற வரைக்கும் அந்தச் சந்தில் உட்கார்ந்து கத்தியிருக்கலாம். பேர் விட்டுப்போனவர்கள் எங்கள் வரிசையில் மட்டும் இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் உட்கார்ந்திருந்தால் ஏதாவது நடந்திருக்கும், நடக்காமலும் போயிருக்கும். நான் உட்காரவில்லை. பட்டியலில் பெயர் உள்ளவன் எதற்கு உட்காருவான்? எங்களைப் பிரிக்கக் கம்பெனி ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. பாதிப் பேருக்குக் கொடுத்தது, அவ்வளவுதான்.

அக்கா சித்தூருக்குப் போனார். அங்கே ஒரு காலேஜ் ஹாஸ்டலில் சமையல் வேலை. தனக்குத் தானே முதலாளியாக இருந்த அக்கா, இன்னொருத்தன் அதட்டுகிற அடுப்படியில் நிற்கப் போனார்.

சாக்கடையை மூடினார்கள். விளக்குப் போட்டார்கள். பெண்கள் இப்போது எந்த நேரமும் அந்த வழியாகப் போகிறார்கள். அதை இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வளாகத்தின் முகப்பில் ஒரு பெரிய படம் வைத்தார்கள். ஆவி பறக்க இட்லிப் பானையைத் திறக்கிற அக்கா. திட்டம் தொடங்கிய காலத்தில் எப்போதோ எடுத்த படம். வெளியில் அனுப்பிவிட்டு வாசலில் படமாக நிறுத்தியிருந்தார்கள்.

போன வருஷம் பணம் போட்டவர்கள் பார்வையிட வந்தார்கள். அதற்கு முந்தின வாரம் அதிகாரி என் கடைக்கு வந்து, படத்தில் இருக்கிற அம்மாவை அன்றைக்கு ஒரு நாள் கூப்பிட முடியுமா, விருந்தாளிகளுக்கு அவர் கையால் இட்லி கொடுக்க வேண்டும் என்றார். வருஷா வருஷம் என் கடை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். காறித் துப்புவார் என்று எதிர்பார்த்தேன்.

"கார் அனுப்புவானா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கு எட்டு மணிக்கே கேட்டைத் திறந்தார்கள். அடுப்பும் மூட்டலாம் என்றார்கள். பழைய கருங்கல் இருந்த இடத்தில், சரியாக என் கடை வாசலில், அக்கா கேஸ் அடுப்பு வைத்து இட்லி ஊற்றினார். என்னோடு பேசவில்லை. எனக்கும் ஒரு தட்டில் நாலு இட்லி வைத்து நீட்டினார். விருந்தாளிகள் தின்றார்கள், படம் எடுத்தார்கள். அவர்களில் வயதான ஒரு பெண்மணி என் கடைக்குள் வந்து மிஷினைத் தொட்டுப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ கேட்டார். அதிகாரி எனக்குத் தமிழில் சொன்னார்: "முன்னாடி உங்ககூட இந்த இடத்துல இருந்த எல்லாருக்கும் கடை கிடைச்சுதான்னு கேக்கறாங்க."

அக்கா அடுப்படியில் குனிந்திருந்தார். கரண்டி நின்றது. அதிகாரி என்னையே பார்த்தார்.

"எல்லாருக்கும் கெடைச்சிதும்மா" என்றேன்.

முதல் தடவை சொன்ன பொய் பழக்கத்தில் வந்தது. இது பயத்தில் வந்தது. வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தப் பெண்மணி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கரண்டி மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

பத்து மணிக்கு விருந்தாளிகள் மாடிக்குப் போனார்கள். அக்கா அடுப்பை அணைத்தார். யாரிடமோ துடைப்பம் கேட்டு வாங்கி, கடை வாசலைப் பெருக்கினார். குண்டானில் மிச்சமிருந்த தண்ணீரைக் கையால் அள்ளி டைல்ஸ் மேல் தெளித்தார். வாட்ச்மேன் ஓடிவந்து, "ஏம்மா, வழுக்கி எவனாவது விழுவான், என் வேலை போயிடும்" என்று கத்தினார். அக்கா முழுக்கத் தெளித்து முடித்தார். என் ஸ்டூலைப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

"பத்து மணி ஆயிடிச்சி" என்றார். "வந்து ஒக்காரு."

ராஜா என்று சொல்லவில்லை. கார் நிற்கிறது என்று டிரைவர் கூப்பிட்டார். வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார்.

வாட்ச்மேன் மாப் கொண்டுவந்து தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் துடைத்தார். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஜிப் போன பை ஒன்றோடு ஆள் காத்துக்கொண்டிருந்தார்.