தையலுக்கு விட்ட ஏழு மில்லி

என் அக்கா வீட்டுக்காரர் தையற்காரர். எதற்கெடுத்தாலும் "எதுக்கும் இன்னொரு தடவை பாத்துடுவோம்" என்பார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயரே 'எதுக்கும்' மாமா. பூட்டிய பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பார். அடுப்பை அணைத்தோமா என்று பாதித் தெருவிலிருந்து திரும்பி வருவார்.

அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூன்று மாதம் முன்பு வேலைக்குப் போகும்போது, பாலத்துச் சரிவில் சைக்கிளின் பின்சக்கரம் குழியில் இறங்கியதில் விழுந்தாள். தோளில் காறை எலும்பு முறிந்தது. எலும்பு ஒட்டிவிட்டது, வளைந்த சக்கரத்தைத்தான் நிமிர்த்த முடியவில்லை. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டும். சைக்கிளில்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். மாமாவுக்குத் தூக்கம் போயிற்று.

ஒரு வாரம் அளந்தார். ரிம் எவ்வளவு, பிரேக் டிஸ்க்கைப் பிடிக்கும் போல்ட் எத்தனை, சக்கரத்தைத் தாங்கும் பின் ஃபோர்க்கின் இரண்டு கால்களுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று எல்லாவற்றையும் சீட்டில் எழுதினார். "டிஸ்க் பிரேக் வண்டிக்கு சக்கரம் சேரலைன்னா பிரேக்கே பிடிக்காதாமேடா?" என்று நாளைக்குப் பத்து முறை என்னைப் பிடுங்கினார். தபால் பிரிக்கிற எனக்கு என்ன தெரியும்? எரிச்சல்தான் வந்தது.

சனிக்கிழமை காலை சக்கரம் வாங்கி வந்தார். ரிம் சரி, ஆறு போல்ட்டும் சரி. ஃபோர்க்குக்குள் மட்டும் இறங்க மாட்டேன் என்றது. மாட்ட வந்த சைக்கிள் மெக்கானிக் அளந்து பார்த்தார்.

"வண்டில நூத்தி முப்பத்தஞ்சு மில்லிதான் இருக்கு. சக்கரம் நூத்தி நாப்பத்திரண்டு. யாருங்க அளந்தது?"

மாமா சீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "முப்பத்தஞ்சுதான் அளந்தேன். ஏழு மில்லி... தையலுக்கு விட்டேன்."

முப்பது வருஷம் துணி வெட்டிய கை. அந்த அளவிலும் சக்கரம் இருக்கவே கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, ஓரத்துல கொஞ்சம் பிடிச்சுத் தைச்சிடலாமா?"

"ஃபோர்க்கை லேசா விரிச்சா ஏறிடும்" என்றார் மெக்கானிக்.

"தொடாதீங்க!" என்று மாமா கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. "அவ ஏறிப் போற வண்டிங்க அது."

அக்காவின் சிரிப்பு நின்றது. அன்று மதியமே கடைக்கு ஓடிப் போய்ச் சக்கரத்தை மாற்றி வந்தோம். இந்த முறை ஃபோர்க்கில் கச்சிதமாக உட்கார்ந்தது. டிஸ்க் எங்கும் உரசவில்லை.

சாயங்காலம் அதே பாலத்துச் சரிவில் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. நானும் மாமாவும் மேலே நின்றோம். அக்கா தரையிலிருந்து காலை எடுத்தாள். வண்டி வேகம் பிடித்தது. கீழே திருப்பத்துக்கு முன்னால் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி சொன்ன இடத்தில் நின்றது. திரும்பிக் கையை ஆட்டினாள்.

நான் மாமாவைப் பார்த்தேன். கழுத்தில் கிடந்த அளவு நாடாவை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தார்.

"நின்னுட்டாளா?"

"நின்னுட்டா மாமா."

அப்போதும் கண்ணைத் திறக்கவில்லை.

"எதுக்கும் இன்னொரு தடவை பாருடா."