ஹோல் வாட்ச் பர்னபாஸின் மகள்

ஜெஸ்மியின் வீட்டில் பிறந்தநாள் கேக் வெட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. மெழுகுதிரி ஏற்றுவதற்கு முன் அவள் அப்பா பர்னபாஸ் வந்தவர்களை எல்லாம் வரிசையாக நிறுத்திவிடுவார். தீப்பிடித்தால் எந்தக் கதவு வழியாக ஓட வேண்டும், ஓடிப்போய் எங்கே கூட வேண்டும், யாருக்காவது தலைசுற்றல் உண்டா, ராத்திரி சரியாகத் தூங்காதவர் யார், காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி முடிப்பதற்குள் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் க்ரீமில் பாதியை நக்கித் தீர்த்திருக்கும்.

"ஒரு மெழுகுதிரிக்கு இவ்வளவு பிரசங்கமா?" என்று அவர் மனைவி லீமா கேட்பாள்.

"தீ உண்டும்னா அது ஹாட் வொர்க்தான் லீமா. சின்னது பெருசுன்னு இல்ல" என்பார் பர்னபாஸ், கையில் தண்ணீர் வாளியோடு.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. சவூதியின் ஜுபைலில் ஒரு பெட்ரோகெமிக்கல் கம்பெனியில் ஹோல் வாட்சாகச் சேர்ந்தவர் அவர். பெரிய டாங்குக்குள் ஆட்கள் இறங்கி வேலை செய்யும்போது, அதன் வாய்க்கு வெளியே ஒருவர் நிற்க வேண்டும். உள்ளே போனவன் மயங்கினால் கத்துவதற்கு, சத்தம் வராவிட்டால் கூப்பிடுவதற்கு. உள்ளே ஆள் இருக்கும்வரை அவர் நகரக் கூடாது. வெயில் அடித்தாலும் மண்காற்று வீசினாலும் நிற்க வேண்டும். வெளியே ஏறி வருகிறவனின் ஹெல்மெட்டில் ஒரு தட்டுத் தட்டி, "ஒண்ணு வெளிய" என்பார் பர்னபாஸ். பிறகு சேஃப்டி சூப்பர்வைசர் ஆகி, தினமும் வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தி வைத்துப் பேசும் உரிமையும் வந்தது. அந்தப் பேச்சுக்கு டூல் பாக்ஸ் டாக் என்று பெயர். வீட்டில் அதற்குத் தொல்லை என்று பெயர்.

இப்படிப்பட்ட தைரியசாலிக்கு ஊசி என்றால் ஆகாது. மார்த்தாண்டத்தில் நர்சிங் படித்த ஜெஸ்மி, லீவுக்கு ஜுபைல் வந்தபோது ஆரஞ்சுப் பழத்தில் ஊசி குத்திப் பழகினாள். பர்னபாஸ் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

படித்து முடித்து ஜுபைலுக்கே வந்து, லைசென்ஸ் பரீட்சையும் பாஸான பிறகுதான் ஜெஸ்மிக்கு உண்மை தெரிந்தது. எந்த ஆஸ்பத்திரியில் கேட்டாலும் எக்ஸ்பீரியன்ஸ் வேண்டும் என்றார்கள். வேலை கொடுக்காமல் எக்ஸ்பீரியன்ஸ் எங்கிருந்து வரும், கர்த்தருக்கே வெளிச்சம். அவளும் கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினாள். ஊரில் அத்தைமார் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். அப்போதுதான் ஜுபைலிலேயே ஒரு பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் ரெசிடென்சிக்கு ஆள் கூப்பிட்டது. புதிதாகப் படித்து முடித்தவர்கள் மட்டும் விண்ணப்பிக்கலாம். ஒரு வருஷம் பெரிய நர்சுகளின் கைக்குள் வைத்துப் பழக்கி, அப்புறம் வேலையும் தருவார்கள். இது கிடைக்காவிட்டால் ஜெஸ்மிக்கு ஊருக்கு டிக்கெட்தான்.

விண்ணப்பம் அனுப்பினாள். நேரில் பரீட்சைக்கு வரச் சொன்னார்கள்.

பர்னபாஸ் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். பரீட்சை அறைக்குள் ஜெஸ்மி நுழைந்ததும் கதவுக்கு வெளியே விறைப்பாக நின்றுகொண்டார். அங்கே செக்யூரிட்டி டியூட்டியில் இருந்தவர் ஆம்பூர்க்காரர் கௌஸ் முகம்மது.

"அண்ணே, இங்க நிக்கக் கூடாது. வெயிட்டிங் ஹால்ல உக்காருங்க."

"உள்ள ஆள் இருக்கு தம்பி."

"யாரு?"

"எம் மோளு. உள்ள ஆள் இருக்கும்போ வெளிய நிக்கவன் நகரப்பிடாது."

கௌஸ் முகம்மது எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில் மனசு கேட்காமல் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். பர்னபாஸ் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார்.

உள்ளே கட்டிலில் ஒரு ரப்பர் பொம்மை கிடந்தது. நர்சிங் பயிற்சிக்குத் தலைவி, சென்னையில் வளர்ந்த அஸ்மத் பீவி, எதிரே உட்கார்ந்திருந்தார். உதவிக்கு இரண்டு பிலிப்பைன்ஸ் நர்சுகள்.

"நோயாளிக்கு மூச்சு இல்லை. இவர்கள் இருவரும் உன் டீம். தொடங்கு" என்றார் அஸ்மத் பீவி ஆங்கிலத்தில்.

ஜெஸ்மிக்குத் தலைக்குள் எல்லாம் துடைத்தெடுத்த மாதிரி ஆகிவிட்டது. நாலு வருஷம் படித்ததில் ஒரு வரியும் எழுந்து வரவில்லை. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிப்போனது மட்டும்தான் வந்தது.

"எல்லாருக்கும் காலை வணக்கம். வரிசையாக நில்லுங்கள்."

அந்த இரண்டு நர்சுகளும் பாவம், நின்றார்கள். ஜெஸ்மி வெளியேறும் வாசலைக் காட்டினாள். ஓடிப்போய்க் கூட வேண்டிய இடம் கார் பார்க்கிங் என்றாள். தண்ணீர் குடித்தீர்களா என்று விசாரித்தாள். ராத்திரி தூங்காதவர் யார் என்றதும் ஒரு நர்ஸ் தயங்கித் தயங்கிக் கை தூக்கினாள். ஜெஸ்மி அவளைச் சுலபமான வேலைக்கு மாற்றிவிட்டு, ஏசியை அண்ணாந்து பார்த்து, "காற்று வடக்கிலிருந்து வீசுகிறது" என்று அறிவித்தாள்.

"நோயாளி என்ன ஆனார்?" என்றார் அஸ்மத் பீவி.

அப்போதுதான் ஜெஸ்மி கட்டிலைப் பார்த்தாள். 'ஐயோ மாதாவே' என்று பாய்ந்துபோய்ப் பொம்மையின் நெஞ்சை அமுக்கத் தொடங்கினாள். பதற்றத்தில் போட்ட போட்டில் அதன் இடது கை கழன்று அஸ்மத் பீவியின் காலடியில் போய் விழுந்தது.

அழுதுகொண்டே வெளியே வந்தவளின் தலையில் பர்னபாஸ் ஒரு தட்டுத் தட்டினார்.

"ஒண்ணு வெளிய."

"எல்லாம் உங்களாலதான் அப்பா!" என்று வெடித்தாள் ஜெஸ்மி. நடந்ததை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். பர்னபாஸ் பொறுமையாகக் கேட்டார்.

"காத்து எந்தப் பக்கம்னு சொன்னியா மக்களே?"

அதன்பின் ஜெஸ்மி அவரோடு பேசவில்லை. வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. அடுத்தடுத்த நாட்களிலும் முகத்தைத் திருப்பிக்கொண்டே திரிந்தாள். பர்னபாஸும் சுருங்கிப் போனார். லீமா நெய்மீன் பொரிக்க எண்ணெய் காயவைத்தபோது அவர் வாளி எடுக்கவில்லை. சும்மா சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்தார். டிவி அணைந்திருந்தது. ஜெஸ்மி ரிமோட்டை எடுத்து அவர் பக்கத்தில் வைத்தாள். ஆனாலும் வீம்பு விடவில்லை.

அந்த வாரமே அஸ்மத் பீவியிடமிருந்து போன் வந்தது. இந்த முறை தமிழில்.

"நீ பேசி முடிக்கிறதுக்குள்ள அந்த நோயாளி ரெண்டு தடவ செத்திருப்பாரு. தெரியுமா?"

"தெரியும் மேடம்."

"அந்த டீம் பொண்ணு நைட் டியூட்டி முடிச்சு நேரா வந்திருந்தா. அவளைக் கேட்டது நீ மட்டும்தான். ஆளைப் பாக்குற கண்ணு உனக்கு இருக்கு. எப்பப் பேசணும், எப்ப வாயை மூடிட்டு வேலை செய்யணும்னு நாங்க சொல்லித் தர்றோம். அதுக்குத்தானே இந்த ரெசிடென்சி? ஒண்ணாந்தேதி வந்து சேரு. பொம்மைங்க பக்கம் மட்டும் கொஞ்ச நாளைக்குப் போகாத."

ஜெஸ்மி ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொண்டாள். லீமா பாயசத்துக்குப் பால் வைத்தாள். பர்னபாஸ் மகளின் முகத்தைப் பார்த்து, அவள் தலையாட்டியதும் வாளியை எடுத்துவந்து, எல்லாரையும் வரிசையாக நிற்கச் சொன்னார்.

சில மாதம் கழித்துக் கம்பெனியின் வருஷாந்திர மெடிக்கல் செக்கப் அதே ஆஸ்பத்திரியில் வந்தது. வழக்கமாகச் சளி, காய்ச்சல், மாமியாருக்குச் சீரியஸ் என்று சொல்லித் தேதியைத் தள்ளிக்கொண்டே போகிற பர்னபாஸ், அந்த வருஷம் முதல் ஆளாகப் போய் நின்றார். ரத்தம் எடுக்கும் இடத்தில் ஜெஸ்மிக்கு டியூட்டி. சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு உட்கார்ந்தவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அப்பா, வாசல் அந்தப் பக்கம். தலை சுத்தினா உடனே சொல்லணும்."

"காத்து?"

ஜெஸ்மி ஏசியைப் பார்த்தாள். "மேலருந்து கீழ."

பர்னபாஸ் திருப்தியோடு தலையாட்டினார். ஊசியைப் பார்த்தார். அவ்வளவுதான், சரிந்துவிட்டார்.

கண் விழித்தபோது திரை போட்ட ஒரு கட்டிலில் கிடந்தார். திரைக்குக் கீழே இரண்டு வெள்ளை ஷூ தெரிந்தது.

"ஜெஸ்மி? டியூட்டி முடிஞ்சிருக்குமே. வீட்டுக்குப் போவலியா மோளே?"

"உள்ள ஆள் கெடக்கும்போ வெளிய நிக்கவ எப்படிப்பா போவா?"

பர்னபாஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை இறக்கிவிட்டு, மெதுவாக எழுந்து திரையை விலக்கி வந்தார். ஜெஸ்மி எட்டி, அவர் வழுக்கைத் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"ஒண்ணு வெளிய."