குரங்கு ஏறாத கூரை

உப்புவெளியில் எங்கள் வீட்டு ஓடுகளை இறக்கிவிட்டுத் தகரம் போட்டவர் அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா. குரங்குகள் ஓடுகளை உடைத்து உடைத்து அப்பாவின் பொறுமையையும் உடைத்துவிட்டிருந்தன. தகரத்தைக் குரங்கால் உடைக்க முடியாதுதான். ஆனால் அந்த மாரியிலேயே அம்மா சமைக்கிற குசினிக்கு மேலே ஒழுகத் தொடங்கியது. மாமா கட்டைபறிச்சானிலிருந்து பஸ் ஏறி வந்தார். உப்புக்காற்றில் வெடித்த ரப்பர் வாசர்களை மாற்றி, ஸ்க்ரூ ஆணிகளை இறுக்கி, வாளியால் தண்ணீர் ஊற்றிக் காட்டினார். ஒரு சொட்டு விழவில்லை. மீன்குழம்போடு வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு அதே இடம் ஒழுகியது.

மாமி இறந்ததும் அந்த வருடம்தான். அதற்குப் பிறகு மாமா மெலிந்துகொண்டே வந்தார். காரணம் இல்லாமல் தங்கச்சி வீட்டில் வந்து சாப்பிடுகிற ஆள் அவர் இல்லை. அம்மா எத்தனை முறை கூப்பிட்டாலும் வேலை கிடக்கு என்பார். கூரை என்றால் மட்டும் வருவார்.

அப்பாவுக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. "உம்மட அண்ணர் வேணுமெண்டுதான் ஒரு ஆணியை இளக்கி விட்டிட்டுப் போறார். இன்னொருக்கா ஒழுகினா நான் வேறை ஆளைப் பிடிப்பன்" என்றார். உளவு பார்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு அதைவிடப் பெரிய உத்தியோகம் உண்டா? அடுத்த முறை மாமா வந்து கூரையில் ஏறியதும் நான் கிணற்றுக்கட்டில் ஏறி நின்று அவர் கையையே பார்த்தேன்.

"என்ன பிள்ளை, மாமாவைக் கள்ளன் மாதிரிப் பாக்கிறாய்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் இறங்கவில்லை. அவர் எல்லா ஆணியையும் ஒழுங்காகத்தான் இறுக்கினார்.

அவர் போன மறுநாள் பின்னேரம் குசினிக்குள் டமார் டமார் என்று சத்தம். அம்மா உலக்கையால் தகரத்தைக் கீழிருந்து இடித்துக்கொண்டிருந்தார், அதுவும் ஆணி இறங்கிய இடமாகப் பார்த்து.

"குரங்கு, பிள்ளை. கலைக்கிறன்."

எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் குரங்கு கலைப்பார்கள். ஆனால் தகரத்தில் குரங்கு ஓடினால் தெருமுனை வரை கேட்கும். எனக்குக் கேட்கவில்லை. உடனே போய் அப்பாவிடம் சொன்னேன்.

"குரங்கைக் கண்டனியோ?"

"இல்லை. அம்மா இடிச்ச சத்தம் மட்டும்தான் கேட்டது."

அப்பா குசினிப் பக்கம் நெடுநேரம் பார்த்தார். பெரிய சண்டை வரப்போகிறது என்று காத்திருந்தேன். "இதை ஒருத்தருக்கும் சொல்லாதை" என்று மட்டும் சொன்னார்.

மாரி முடிந்து கச்சான் காற்று புழுதி வாரத் தொடங்கியது. வானத்தில் ஒரு முகில் இல்லை. ஒருநாள் அப்பாவே போனை எடுத்தார்.

"மச்சான், கூரை திரும்பவும் ஒழுகுது. ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா வாங்கோவன்."

"அப்பா, மழையே பெய்யேல்லையே!"

"நீ சும்மா இரு."

மாமா வந்தார். சூட்டுக்குக் காலில் சாக்குத் துண்டைக் கட்டிக்கொண்டு ஏறினார். வியர்வையைத் துடைத்தபடி இறங்கி, "கொஞ்சம் பெரிய வேலைதான் மச்சான், அடுத்த கிழமையும் வரவேணும்" என்றார்.

"ஓம், அவசரமில்லை, ஆறுதலாச் செய்யுங்கோ" என்றார் அப்பா. அம்மா மாமாவின் தட்டில் இன்னும் ஒரு அகப்பை சோறு போட்டார்.

அவர்கள் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் குசினித் தரையில் மல்லாந்து படுத்து ஓட்டையைத் தேடினேன். ஊசிமுனை அளவு வெளிச்சம்கூட வரவில்லை. மூன்று பெரியவர்களும் சேர்ந்து பொய் சொல்லுகிறார்கள், அதில் என்னை மட்டும் சேர்க்கவில்லை என்று எனக்குச் சரியான கோபம்.