தகராறு பச்சமுத்து

சிங்கவரத்தில் பச்சமுத்து என்றால் எந்தப் பச்சமுத்து என்று கேட்பார்கள். தகராறு பச்சமுத்து என்றால் வீட்டிலேயே கொண்டுபோய் விடுவார்கள். என் தாய்மாமனின் மூத்த மகன். சொந்தக்காரன் என்பதற்காக நல்லவன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

மாமன் நிலத்தை இரண்டு பிள்ளைகளுக்கும் பிரித்தார், கிணற்றைப் பொதுவில் விட்டார். ஒரு நாள் இவனுக்கு, மறுநாள் தம்பிக்கு. முறை முடிந்தவன் மோட்டாருக்குக் கரண்ட் விடும் பீஸ் கட்டையைப் பெட்டியிலிருந்து பிடுங்கி அடுத்தவன் கையில் கொடுக்க வேண்டும். கையில் வாங்கினால்தான் முறை தொடங்கும். தம்பி செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அவன் பெண்சாதி சுந்தராம்பாள் கையில் இவன் ஒரு நாளும் கொடுத்ததில்லை. கிணற்று மேட்டில் வீசிவிட்டு, "கெணறு வெட்டுனது எங்க நைனா" என்று அப்பன் பேரைச் சொல்லிவிட்டுப் போவான். அவளும் பொறுக்கிக்கொள்வாள்.

போன மாசியில் இருவர் கொல்லையிலும் மல்லாட்டை, அதுதான் நிலக்கடலை, விழுது இறக்கும் நேரம்; தண்ணீர் தப்பக் கூடாது. அவள் முறையன்று கட்டையைப் பையில் போட்டுக்கொண்டு செஞ்சிக்குப் பஸ் ஏறிவிட்டான். தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதும் மஜீத்திடம் போய், "கெணறு எனக்குத்தான்னு எழுது பாய்" என்றான்.

மஜீத் மதரசாவில் ஓதியவர். 'கிணற்றுத் தகராறு' என்று தலைப்பு எழுதியவர் பேனாவை நிறுத்தினார்.

"தகராறுங்கிறது இன்னா பாஷன்னு தெரியுமா? அரபி. தக்ரார்னா சொன்னதையே திரும்பச் சொல்றது. மதரசாவுல பாடத்த திரும்பத் திரும்ப ஓதுறதுக்கு அதான் பேரு. பாரசீகத்துலயும் அதே அர்த்தந்தான். அங்கருந்து இந்தப் பக்கம் வந்து சண்டையா பூடுச்சு."

"அப்ப நான் சண்டக்காரன் இல்ல. பாடம் படிக்கிறவன்!"

"பதினெட்டு வருஷமா ஒரே பாடம். இன்னும் பாஸ் ஆவலியே."

அதற்குள் கட்டையைத் தேடிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் சுந்தராம்பாள் வந்து நின்றாள்.

"பீஸ் கட்ட எங்க மாமா?"

"கெணறு வெட்டுனது எங்க நைனா."

"உன் தம்பிக்கு மட்டும் வேற நைனாவா?"

பக்கத்து டீக்கடையில் சிரித்தார்கள். இவன் கட்டையை மஜீத்தின் மேசைமேல் எறிந்தான். "எடுத்துக்கினு போ."

அவள் தொடவில்லை. "இத்தினி வருஷம் பொறுக்குனது போதும். கையில குடு. என் முறை தொடங்காம முடியாது, முடியாம உன் முறை வராது. ரெண்டு கொல்லையும் காயட்டும். நான் கூலிக்குப் போயி பொழைப்பேன். நீ?"

"பொம்பளைக்கு இன்னா திமிரு!"

"கையில குடு."

ஒரு பஸ் போனது. அவள் நகரவில்லை. மூன்று மணிக்கு மோட்டார் கரண்ட் போய்விடும் என்பது இவனுக்கும் தெரியும். அடுத்த பஸ் ஹாரன் அடித்தபோது, முகத்தை ஆபீஸ் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு கட்டையை அவள் உள்ளங்கையில் அழுத்தினான்.

"மனு?" என்றார் மஜீத்.

"இருக்கட்டும். நாளன்னிக்கு வரேன்."

பஸ்ஸில் இவன் முன்னால், அவள் பின்னால். ஊரில் இறங்கியதும் இவன் ஆரம்பித்தான்: "கெணறு வெட்டுனது..."

அவள் திரும்பிப் பார்க்காமல் கிணற்றுக்கு நடந்தாள். மறுநாள் விடியலில் அவள் கட்டையை நீட்டிக்கொண்டு நின்றாள். தன் முறை தொடங்க, இவன் கையை நீட்டித்தான் வாங்க வேண்டியிருந்தது.