மொட்டை மாடி வழியாகச் சமயபுரம்

ஆத்தாவிடம் நான் கேட்டது உட்கார ஓர் இடம். அவள் கொடுத்தாள். என் கஷ்டம் அங்கேதான் ஆரம்பித்தது.

என் பெயர் மகேஸ்வரி. பிறந்த ஊர் திருவெள்ளறை, வாழ்க்கைப்பட்டது ஸ்ரீரங்கம். மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு துணிக்கடையில் ஒன்பது வருஷமாகச் சேலை பிரித்துக் காட்டும் வேலை. காலையில் போய் நின்றால் கடை அடைக்கும்வரை நிற்க வேண்டும். ஸ்டூல் என்ற பேச்சே கிடையாது. சுவரில் சாய்ந்தால்கூட சூப்பர்வைசர் முறைப்பார். ஒரு நாளைக்கு எத்தனை முறை மாடி ஏறி இறங்கினேன் என்று கேட்டால் என் கணுக்காலைத்தான் கேட்க வேண்டும். கடைக்குள் நுழையும்போது தினமும் மனசுக்குள் சொல்வேன், தாயே மாரியம்மா, ஒரு நாள் முழுக்க என்னை உட்கார வை.

இரண்டு முறை கரு தங்கவில்லை. நின்று நின்றே கலைந்துவிட்டது என்று எங்கம்மா அழுதார். அது சரியா தப்பா தெரியாது, ஆனால் நான் அப்படித்தான் நம்பினேன். மூன்றாவதாக 2019 கடைசியில் உண்டானபோது சமயபுரத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். இதைக் காப்பாற்றிக் கொடு, பிள்ளை பிறப்பதற்குள் ஒரு தடவை ஸ்ரீரங்கத்திலிருந்து நடந்தே வந்து உன்னைப் பார்க்கிறேன் என்று.

நம் சமயபுரத்தாள் பக்தர்களுக்காகத் தானே பட்டினி கிடப்பவள் என்பது உங்களுக்குத் தெரியும். மாசிக் கடைசியில் பூச்சொரிந்ததும் இருபத்தெட்டு நாள் பச்சைப் பட்டினி விரதம். சமைத்த நைவேத்தியம் கிடையாது. பச்சரிசியும் வெல்லமும் இடித்த துள்ளுமாவு, பானகம், இளநீர், நீர்மோர், வெள்ளரிப்பிஞ்சு, அவ்வளவுதான். அந்த வருஷம் அவளோடு சேர்ந்து நானும் பாதி விரதம் இருந்தேன். விரதம் முடிந்ததும் மெதுவாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவதாக எண்ணம். அதற்குள் ஊரடங்கு வந்துவிட்டது. கோயில் கதவைச் சாத்தினார்கள். கடையும் சாத்தியாயிற்று.

என் வீட்டுக்காரர் பழனிவேல், சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சமயபுரம் போகிற டவுன் பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸும் நின்றது. இரண்டு பேரும் வீட்டில். அம்மா திருவெள்ளறையிலிருந்து வர முடியாமல் ஒரு நாளைக்கு நாலு தடவை போன் பண்ணி, எந்திரிக்காதே, குனியாதே, உட்கார்ந்த இடத்தில் உட்காரு என்பார். கேட்ட வரம் கிடைத்துவிட்டதே என்று உட்கார்ந்தேன். பிளாஸ்டிக் சேரில் காலை நீட்டி உட்கார்ந்தேன். ஒன்பது வருஷக் கடனையும் சேர்த்து உட்கார்ந்தேன்.

அதோடு நிற்காமல் ஒரு அசட்டுத்தனமும் பண்ணினேன். அம்மன் விரதம் முடித்த பிறகும் நான் முடிக்கவில்லை. உன் முகத்தைப் பார்க்கிறவரை உன் விரதச் சாப்பாட்டை விடமாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன். நாலைந்து நாளில் திறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். ஊரடங்கை நீட்டினார்கள், மறுபடி நீட்டினார்கள். நானும் நீட்டினேன். மூன்று வேளைச் சோற்றுக்கு மேல் காலையில் ஒரு சொம்பு வெல்லப் பானகம், சாயங்காலம் ஒரு கிண்ணம் துள்ளுமாவு. விரதம் என்று பெயர், ஆனால் முகம் உப்பிக்கொண்டே போனது.

சித்திரையில் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரி என்றாலே கொரோனா என்று பயம். மே மாதம் ஆறு மாதம் முடிந்த பிறகுதான், ஊரடங்கு பாஸ் வாங்கித் தெரிந்தவர் ஆட்டோவில் புத்தூரில் இருந்த கிளினிக்குக்குப் போனோம். குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டியது 186 என்று வந்தது. டாக்டரம்மா அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அவர் கோபப்படவில்லை. வீட்டில் என்ன செய்கிறீர்கள், என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். சொன்னேன். இந்தக் கொஞ்ச நாளாக இப்படிச் சர்க்கரையோடு வருகிற கர்ப்பிணிகளை அதிகமாகப் பார்ப்பதாகச் சொன்னார். ஊரடங்குதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் நடமாட்டம் போச்சு, செக்கப் தள்ளிப்போச்சு, பயமும் தூக்கமில்லாமையும் சேர்ந்துகொண்டது, எல்லாமாகக்கூட இருக்கலாம் என்றார். அப்படியே விட்டால் குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாகலாம், பிறந்ததும் அதற்குச் சிரமம் வரலாம். இரண்டு வாரம் சாப்பாட்டைத் திருத்தி, சாப்பிட்ட பிறகு ஒவ்வொரு வேளையும் நடந்து பார்க்கச் சொன்னார். இறங்காவிட்டால் அட்மிட் ஆகி இன்சுலின். அந்த நேரத்தில் அட்மிட் என்றால் கூட யாரையும் விடமாட்டார்கள்.

வெல்லத்தை இன்றோடு நிறுத்த வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

திரும்பி வந்தால் எங்கள் தெரு முனையில் தகரம் அடித்திருந்தார்கள். பக்கத்துத் தெருவில் யாருக்கோ கொரோனா. அந்தத் தகரத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லா வழியும் அடைபட்ட மாதிரி இருந்தது. நடக்கச் சொல்கிறார்கள், நடக்கத் தெரு இல்லை. பானகத்தை நிறுத்தினால் ஆத்தாவிடம் சொன்ன சொல் போகும். நிறுத்தாவிட்டால் பிள்ளை போகும். மூன்றாவது பிள்ளை. சாயங்காலம் விளக்கேற்றி அவள் படத்தின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். வாய்விட்டுக் கேட்கவில்லை, மனசுக்குள்தான் கேட்டேன். உன்னிடம் நடந்து வருகிறேன் என்றுதானே சொன்னேன், வழியை நீயே அடைத்தால் நான் எங்கே போவேன், நீயே ஒரு வழி காட்டு.

என் வீட்டுக்காரர் வந்து பார்த்தார். கையில் பானகச் சொம்பு. குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் வைத்திருந்தேன். அவர் சாமி கும்பிடுகிற ஆள் என்று சொல்ல முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து சொம்பை வாங்கிக்கொண்டார்.

"நம்ம யாரும் வாடக்கூடாதுன்னு தன் வயித்தக் காயப்போடுறவ அவ. உன் வயித்துல இருக்கறது வாடினா அவளுக்குப் பொறுக்குமா? அவ மோரும் வெள்ளரிப்பிஞ்சும்கூடத்தான் சாப்பிடுறா. நீ இனிப்ப மட்டும் பொறுக்கி எடுத்துக்கிட்ட."

எனக்கு வெட்கமாகிவிட்டது. உண்மைதானே. அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து நீர்மோரும் வெள்ளரிப்பிஞ்சும். விரதம் முறியவில்லை, வெல்லம்தான் போனது.

மறுநாள் காலையில் மொட்டை மாடியில் கரகரவென்று சத்தம். போய்ப் பார்த்தேன். கைலியை மடித்துக்கட்டிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்ரீரங்கம். துணி காயப்போடும் கொடிக்கம்பத்துக்குக் கீழே திருவானைக்கோயில். மூலையில் கொள்ளிடம் பாலம். அப்புறம் நம்பர் ஒன் டோல்கேட், கூத்தூர், படிக்கட்டுக்குத் திரும்பும் இடத்தில் சமயபுரம். இருபத்தைந்து சுற்று ஒரு கிலோமீட்டர் என்று அளந்து வைத்திருந்தார். இத்தனை கிலோமீட்டர் ஆனால் இந்த ஸ்டாப் என்று அவர் கணக்கு. முந்தின நாள் நான் மனசுக்குள் கேட்டது அவருக்குத் தெரியாது. இன்றைக்கும் சத்தியம் பண்ணுவேன், நான் சொல்லவில்லை. இரண்டு மாதமாக ஸ்டாப் பேர் சொல்லாமல் நாக்கு அரிக்கிறது என்றுதான் அவர் சொன்னார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஒவ்வொரு வேளையும் சாப்பிட்டு முடித்ததும் மேலே போவோம். அவர் விசில் வைத்திருப்பார். இரண்டு விசில் அடித்தால் நான் புறப்பட வேண்டும். ஒரு விசில் என்றால் நிற்க வேண்டும். காலையில் கொஞ்சம், மத்தியானம் கொடிச் சேலை நிழலில் கொஞ்சம், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம். ஒரே நாளில் சமயபுரம் போக முடியாதே, அதனால் வழியில் தங்கல். இன்றைக்குத் திருவானைக்கோயிலில் தங்கல், நாளைக்கு டோல்கேட்டில் தங்கல் என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் படுப்போம். அடுத்த மாடியில் வடாம் காயப்போட வரும் மாமிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு தினமும், எது வரைக்கும் வந்தேள் என்று கேட்பார்.

முதல் வாரத்தின் கடைசியில் ஒரு நாள் நான் உடைந்துவிட்டேன். இரவல் வாங்கி வைத்திருந்த சுகர் மிஷினில் குத்திப் பார்த்தால் 164. இவ்வளவு நடந்தும் இவ்வளவுதான் இறங்கியதா. போதாததற்கு அன்று காலையிலிருந்து பிள்ளை அசைந்த மாதிரியும் தெரியவில்லை. சமயபுரம் போய்த் திரும்பி வரும் வழியில் கொள்ளிடம் பாலத்துக்குப் பக்கத்தில் சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டேன். என்னால் முடியாது, இதுவும் போகப்போகிறது, விட்டுவிடுங்கள் என்றேன். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். விசில் அடிக்கவில்லை. கண்டக்டர் குரலிலேயே சொன்னார்.

"பாலத்து மேல பஸ் நிக்காதும்மா. ஏறு."

கையை நீட்டினார். எழுந்தேன். இரண்டு சுற்றுகூட முடிந்திருக்காது, வயிற்றின் வலது பக்கம் ஒரு உதை. நல்ல உதை. நின்றுவிட்டேன். அவர் கையை எடுத்து அங்கே வைத்தேன். தாயே என்று மட்டும்தான் என் வாயில் வந்தது.

இரண்டு வாரம் முடிந்து கிளினிக்கில் சாப்பிட்ட பிறகு பார்த்தபோது 116. டாக்டரம்மா சீட்டை இரண்டு முறை படித்தார். இப்படியே நடங்கள், ஊசி வேண்டாம் என்றார். ஆடி மாதக் கடைசியில் சுகப்பிரசவம். பெண். மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. பிறந்த பிறகு அவளுக்கும் சர்க்கரை பார்த்தார்கள், சரியாக இருந்தது. அதற்குள் மொட்டை மாடியில் எத்தனை முறை சமயபுரம் போய் வந்தேன் என்ற எண்ணிக்கையை அவரே விட்டுவிட்டார்.

இப்போது நாங்கள் வேறு வீட்டில் இருக்கிறோம். அந்த மாடிச் சுவருக்கு வீட்டுக்காரம்மா வெள்ளையடித்துவிட்டார். சொன்னால் சிரிப்பீர்கள், எனக்கு அந்த நாட்களை நினைத்தால் ஏக்கமாக இருக்கிறது. உலகமே பயந்து நடுங்கிய காலம்தான். எத்தனையோ வீட்டில் இழவு. ஆனாலும் பஸ் சத்தமில்லாத அந்தச் சாயங்காலம், தூரத்தில் ராஜகோபுரம், தென்னையில் கிளிகள், என் வீட்டுக்காரர் எனக்காக மட்டும் ஓட்டிய அந்த பஸ், அதெல்லாம் இனி வராது. இப்போது அவர் டூட்டி முடிந்து வந்தால் சாப்பிட்டுப் படுக்கத்தான் நேரம் இருக்கிறது. எங்கள் கடையில் ஸ்டூலும் போட்டுவிட்டார்கள். உட்காருவேன், அதிக நேரம் உட்காரமாட்டேன்.

இந்த வருஷம் பங்குனியில்தான் உண்மையாகவே நடந்து போனோம். பிள்ளை பிறப்பதற்குள் என்று வேண்டியது இத்தனை தள்ளிப்போனதற்கு ஆத்தா என்னை மன்னிக்க வேண்டும். ஒரு வருஷம் கோயில் கட்டுப்பாடு, அப்புறம் ஏதோ ஒரு சாக்கு. ஐந்து வயசு மகள் திருவானைக்கோயில்வரை குதித்துக்கொண்டு வந்தாள். அப்புறம் அப்பா தோளில். கொள்ளிடம் பாலத்தில் ஏறியதும் எனக்குக் கால் நகரவில்லை. கீழே மணல், அதில் ஒரு ஓரமாகத் தண்ணீர். அன்றைக்கு நான் சரிந்து உட்கார்ந்த இடம் இது என்று நினைத்தேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஜனங்கள் மஞ்சள் புடவையில் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தோளிலிருந்து இறங்கி வந்து மகள் என் விரலைப் பிடித்து இழுத்தாள். இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவள்.

"அம்மா, பாலத்து மேல பஸ் நிக்காதும்மா."

மகளோடு நடந்து போய் ஆத்தா முன்னால் நின்றேன். அன்றைக்கு ஆத்தாவுக்குப் பானகம். நான் கும்பிட்டுக்கொண்டு நீர்மோர் குடித்தேன்.

இதைப் படிக்கிற என் அக்கா தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். வயிற்றில் பிள்ளை இருந்தால் பரிசோதனையைப் பயந்து தள்ளிப்போடாதீர்கள். ஊசி போடச் சொன்னால் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் அவள் அனுப்புகிற உதவிதான். பிள்ளை பெற்ற பிறகும் வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கரை பாருங்கள், நானும் பார்க்கிறேன். வேண்டுதல் வைத்துவிட்டு அவளுக்குப் பயப்படாதீர்கள். நம் பட்டினியை வாங்கிக்கொள்கிறவள் அவள், நம்மைப் பட்டினி போடுகிறவள் இல்லை. வழி அடைபட்டுப்போனால் அழுது கேளுங்கள். அவள் எங்கிருந்து திறப்பாள் என்று சொல்ல முடியாது. எனக்கு ஒரு சாக்பீஸ் துண்டில் திறந்தாள்.