காதுக்குக் கீழே ஒரு வீக்கம்

சிங்கப்பூர் மலேசியாவோடு சேர்வதா வேண்டாமா என்று ஊரே பேசிக்கொண்டிருந்த வருஷம். என் கவலையெல்லாம் மகளின் வலது காதுக்குக் கீழே இருந்தது. ஆறு வயது அவளுக்கு. வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது கையில் பட்டது, மெத்தென்று ஒரு வீக்கம். பொன்னுக்கு வீங்கி என்று நானே முடிவு கட்டிவிட்டேன். தங்கம் பட்டால் வற்றிவிடும் என்பது எங்கள் வழக்கம். என் சங்கிலியைக் கழற்றி அவள் கழுத்தில் போட்டேன். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, பள்ளிக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டேன்.

காய்ச்சல் இல்லை, வலி இல்லை, பிள்ளை முறுக்கைக் கடித்துத் தின்றாள். பொன்னுக்கு வீங்கி வந்தால் வாயையே திறக்க முடியாது. அது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் இரண்டு மாதம் சங்கிலியை நம்பி உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி என்றாலே எனக்குப் பயம். காட்டிவிட்டு வரலாமே என்று என் வீட்டுக்காரர் சொன்னபோதெல்லாம் எரிந்து விழுந்தேன். தேக்கா மார்க்கெட்டில் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா, பிள்ளையின் கன்னத்தைத் தடவிவிட்டு, பொன்னுக்கு வீங்கி என்றால் பத்து நாளில் வடிந்துவிடும், இது வேறு என்றாள். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. எட்டாம் நாள் பிள்ளையை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சீன டாக்டர் அழுத்திப் பார்த்துச் சொன்னதைத் தமிழ் நர்ஸ் எனக்கு விளக்கினாள். எச்சில் சுரப்பியில் கட்டியாம். நல்லதா கெட்டதா என்று எடுத்துப் பார்த்தால்தான் தெரியுமாம். முகத்தை அசைக்கிற நரம்பு அதன் வழியாகத்தான் போகிறது, அதில் கத்தி பட்டால் வாய் ஒரு பக்கம் கோணிவிடலாமாம்.

“பொம்பளப் பிள்ள, சிஸ்டர்,” என்றேன்.

“விட்டு வெச்சா வளரும்மா. உயிர் முக்கியமா, முகம் முக்கியமா?”

என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டார். ஆபரேஷன் நடந்தபோது வெளியே பெஞ்சில் கிடந்து என்னையே திட்டித் தீர்த்தேன். கெட்ட கட்டியாக இருந்தால், நான் வீணாக்கிய இரண்டு மாதத்தை யாரிடம் போய்க் கேட்பேன்? டாக்டர் வெளியே வந்து, வெறும் கொழுப்புக் கட்டிதான், குழந்தைகளுக்கு அந்த இடத்தில் வருவது அபூர்வம் என்றார். உயிர் வந்தது. ஆனால் நரம்பு? பிள்ளை சிரிக்கும்போது பார்க்கலாம் என்றார்கள்.

மறுநாள் காலை போனோம். காதைச் சுற்றிப் பெரிய கட்டு. தனியாக விட்டுப் போன கோபத்தில் பிள்ளை உதட்டை இறுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவள் அப்பா குரங்கு மாதிரி முகம் காட்டினார். பாகு ஊற்றின ஐஸ் கச்சாங் வாங்கித் தருகிறேன் என்றேன். ம்ஹும். எனக்குப் பொறுமை என்றைக்கு இருந்தது? போர்வைக்குள் கைவிட்டுத் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன்.

வார்டே அதிரும்படி வீறிட்டாள். வாயின் இரண்டு ஓரமும் ஒரே அளவாக இறங்கின, இரண்டு கண்ணும் ஒன்றாக இறுகி மூடின. நர்ஸ் திட்டிக்கொண்டே ஓடி வந்தாள். நான் அந்த முகத்தைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

“அழும்மா,” என்றேன். “இன்னும் நல்லா அழு.”