டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்து மேஜை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஓ.பி. சீட்டுப் போடுகிறவளிடம் யாரும் முதலில் நோயைச் சொல்வதில்லை, "டாக்டர் இருக்காகளா?" என்றுதான் கேட்பார்கள். நீங்களும் அப்படி ஒரு வரிசையில் நின்று, என்னைப் போன்ற ஒருத்தியின் மூஞ்சியைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டு திரும்பியவர் என்றால், வாருங்கள், நாம் ஒரே ஜாதி.

நான் இந்த வேலைக்கு வந்தது சம்பளத்துக்காக இல்லை. என் மகள் ஜெசிக்கு இரண்டு வயது. காய்ச்சல் ஏறினால் அவளுக்கு வலிப்பு வந்துவிடும். முதல் தடவை வந்தபோது திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளைத் தூக்கி வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் நின்றேன். அன்றைக்கே முடிவு செய்தேன், பகல் முழுக்க ஒரு டாக்டருக்குப் பத்தடிக்குள் இருந்துவிடுவது என்று. டவுனுக்கு வெளியே ஒரு சுகாதார நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தது. அங்கன்வாடியும் அதே காம்பவுண்டில். ஜெசி அங்கே, நான் இங்கே, நடுவில் டாக்டர். கன்னியாஸ்திரிகளிடம் படித்த எனக்கு, மோட்சமே இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. ஒரு வாரத்தில் தெளிந்துவிட்டது. நான் டாக்டருக்குப் பக்கத்தில் சேரவில்லை, டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் சேர்ந்திருக்கிறேன்.

பஸ் போகுமா?

எங்கள் போர்டில் டாக்டர்கள் மூன்று பேர். ஒருவர் மேல்படிப்புக்குப் போனார். அந்த இடம் காலி. இன்னொருவர் டெபுடேஷன், அதாவது பேர் எங்கள் போர்டில், ஆள் வேறு நிலையத்தில். மிச்சம் கான்ட்ராக்டில் வந்த சின்ன வயது டாக்டரம்மா மட்டும். ஒரு நாள் அவரும் மீட்டிங் போயிருந்தார்.

மல்லிகைத் தோட்டக்காரர் ஒருவர், காலில் கட்டோடு வந்தார். "பெரிய டாக்டரு எங்க தாயி?" என்றார். "டெபுடேஷன் போயிருக்காருங்கய்யா" என்றேன். "அது எங்கிட்டு இருக்கு? சாணார்பட்டிக்கு அங்கிட்டா? பஸ்ஸு போகுமா?" கான்வென்ட்டில் வாங்கிய இங்கிலீஷ் மெடலுக்கு வேலை வந்தது. இன்னோர் ஊரில் டாக்டர் இல்லை, அதனால் நம் டாக்டரை அங்கே அனுப்பியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். "அப்ப அந்த ஊரு டாக்டரு?" அவரும் டெபுடேஷன்தான் என்றேன். பெரியவர் கட்டுப்போட்ட காலை மாற்றி ஊன்றினார். "அப்ப எல்லா டாக்டரும் அந்த டெபுடேஷன்லதான் இருக்காக. எனக்கும் அந்த ஊருக்கே ஒரு சீட்டுப் போட்டுக் குடு தாயி."

பொருந்தாத முகம்

டாக்டர்கள் நேரத்துக்கு வருவதில்லை என்பதுதான் நாட்டின் நோய் என்று மேலே யாரோ கண்டுபிடித்தார்கள். மருந்தும் எழுதினார்கள்: காலையில் செல்போனுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். முகம் பதிந்தால் வருகை, வருகை இருந்தால் சம்பளம்.

ஒரு நாள் விடியும் முன்பே பிரசவ வலியோடு ஒரு பெண் வந்துவிட்டாள். குழந்தைக்குத் தலைக்குப் பதில் கால் முதலில் வந்தது. டாக்டரம்மா போராடி இரண்டு உயிரையும் காப்பாற்றி வெளியே வந்தபோது, தலை கலைந்து, வேர்த்து ஊற்றி, கண் சிவந்திருந்தது. போனைத் தூக்கிப் பிடித்தார். முகம் பொருந்தவில்லை என்றது போன். திருப்பிப் பிடித்தார், வெளிச்சத்துக்குப் போனார், சிரித்தும் பார்த்தார். அதற்குள் நேரம் முடிந்து, அன்றைய நாள் ஆப்சென்ட். இருபது வருஷமாக அங்கே நர்ஸாக இருக்கும் ரோஸ்லின் சிஸ்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "புள்ளைய எடுத்தது இந்த மூஞ்சி இல்லையாம் டாக்டரம்மா. நாளையிலருந்து பவுடர் போட்டுக்கிட்டு பிரசவம் பாருங்க."

தக்காளி தேவலை

மாமியார் ஊருக்கு வந்த இடத்தில் வயிற்றுப்போக்கு வாங்கிக்கொண்ட ஒட்டன்சத்திரம் தக்காளி வியாபாரி ஒருவருக்கு குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் டாக்டரம்மா ரோஸ்லின் சிஸ்டரிடம் மெதுவாகக் கேட்டார், "சம்பளம் ஏதாவது வந்துச்சா சிஸ்டர்?" நிதி ஒதுக்கீடு வரவில்லையாம், போன மாதமும் வரவில்லை. இலவச மருத்துவம் என்றால் நோயாளிக்குத்தான் இலவசம் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வியாபாரிக்குப் படுத்திருக்க முடியவில்லை. "ஏனுங்க அம்மணி, எத்தன வருசம் படிச்சீங்க?" என்றார். டாக்டரம்மா சொன்னார். "வேல நிரந்தரமுங்களா?" "இல்லீங்க, வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க." "சம்பளம் ஏறுமுங்களா?" டாக்டரம்மா சிரித்துவிட்டு ஊசியைச் சரி செய்தார். வியாபாரி விட்டத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "உங்களுக்குத் தக்காளி தேவலைங்க. அழுகறதுக்குள்ள ஒருக்காவாச்சும் வெல ஏறுமுங்க."

மூன்று நாற்காலியும் நிறைந்த நாள்

பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று சேதி வந்தது. அன்று காலை பக்கத்து நிலையங்களிலிருந்து இரண்டு டாக்டர்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். மூன்று நாற்காலியிலும் மூன்று டாக்டர்! நானே பயம் விட்டு, ஜெசிக்குக் காய்ச்சல் வந்தால் இன்றைக்கே வரட்டும் என்று நினைத்துக்கொண்டேன். தாய் நினைக்கிற நினைப்பா அது? ஆனால் நீங்களும் நினைத்திருப்பீர்கள்.

முட்டிவலி மாத்திரைக்கு வந்த அம்மா ஒருவர் விடவில்லை. முதல் டாக்டரிடம் முட்டியைக் காட்டினார், இரண்டாமவரிடம் கண்ணைக் காட்டினார், மூன்றாமவரிடம் காட்ட ஒன்றும் இல்லாமல் நாக்கை நீட்டினார். அதிகாரி அகமகிழ்ந்து, "எப்படிம்மா இருக்கு சேவை?" என்று கேட்டார். அந்த அம்மா ஜீப்பை ஒரு பார்வை பார்த்தார். "சேவை நல்லாத்தேன் இருக்கு சாமி. எம் மருமகளுக்குப் பிரசவத்துக்கு நாளைக்குத்தேன் நாள் குறிச்சிருக்காக, இவுகள நாளைக்கு வரைக்கும் இறக்கி வச்சிருங்க."

டாக்டரம்மாவின் லீவு

டாக்டரம்மா போகப் போகிறார் என்று ரோஸ்லின் சிஸ்டர் சொன்னபோது பாதிச் சீட்டில் பேனாவை வைத்துவிட்டு எழுந்தேன். மதுரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியாம். நேரே அவர் முன்னால் போய் நின்றேன். பொதுநலம் பேசவெல்லாம் எனக்குத் தெம்பில்லை. "ஜெசிக்கு வந்துச்சுன்னா நான் என்ன டாக்டர் செய்வேன்?" என்று அழுதேவிட்டேன்.

அவர் எழுந்து என்னை உட்கார வைத்தார். "அக்கா, எனக்கு நாலாவது மாசம். கான்ட்ராக்ட் டாக்டருக்குப் பிரசவ லீவு உண்டான்னு மேல கேட்டிருக்கேன். பதில் வர்றதுக்குள்ள எம்புள்ள எல்.கே.ஜி. சேந்துரும்." போகாதீர்கள் என்று கேட்க வந்தவள், அவருக்குக் குடிக்கத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அந்த வாரம் முழுவதும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் எனக்கு வகுப்பெடுத்தார். குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் திணிக்காதே, கையைக் காலை அழுத்திப் பிடிக்காதே, மணியைப் பார், நிற்கவில்லையென்றால் நான் எழுதிக் கொடுத்த மருந்தை இந்த அளவு மூக்கில் அடி, உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடு. ஒவ்வொன்றையும் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டேன். கடைசி நாளன்று என் தோளைத் தட்டிவிட்டுச் சொன்னார்: "முதல் அஞ்சு நிமிஷத்துக்கு நீங்கதான்க்கா டாக்டர். சம்பளம் மட்டும் கேட்டுறாதீங்க."

சாவி

அவர் போய் மூன்றாவது வாரம், அங்கன்வாடி டீச்சர் ஜெசியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். உடம்பு அனலாய்க் கொதித்தது, கண் மேலே செருகியிருந்தது, கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ரோஸ்லின் சிஸ்டர் தடுப்பூசி போட ஊருக்குள் போயிருந்தார். டாக்டர் நாற்காலியில் யாரோ பை வைத்திருந்தார்கள். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சுற்றிக்கொண்டு, "சாவியக் குடு, கையில இரும்பக் குடு!" என்று கத்தினார்கள். வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பீரோ சாவி என்று ஆளுக்கொன்று நீட்டினார்கள். மொபெட்டில் வந்த ஓர் அண்ணன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, தன் வண்டிச் சாவியை ஜெசியின் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

நான் யாரையும் தடுக்கவில்லை, எனக்கு நேரமில்லை. மாதாவே மாதாவே என்று வாய் சொல்ல, கை தன்பாட்டுக்குப் பிள்ளையை ஒருக்களித்தது, மணி பார்த்தது, நிற்கவில்லை என்றதும் மேஜை டிராயரில் வாங்கி வைத்திருந்த மருந்தை மூக்கில் அடித்தது, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது. இழுப்பு மெல்லக் குறைந்து நின்றது. கொஞ்ச நேரத்தில் ஜெசி கண்ணை இறக்கி, "ம்மா" என்றாள். ஆம்புலன்ஸ் சத்தமும் கேட்டது. நான் அவளை மடியில் எடுத்துக்கொண்டேன். மொபெட் அண்ணன் ஜெசியின் விரலை விரித்துச் சாவியை எடுத்து, வேட்டியில் துடைத்து, கூட்டத்துக்குத் தூக்கிக் காட்டினார். "பாத்தீகளா? எஞ் சாவிதேன் நிப்பாட்டுச்சு!"

ஆக, எந்தச் சீர்திருத்தத்தாலும் நிரப்ப முடியாத ஒரு டாக்டர் இடத்தைச் சம்பளமில்லாமல், லீவில்லாமல் அஞ்சு நிமிஷம் நான் நிரப்பினேன், பேர் மட்டும் ஒரு மொபெட் சாவிக்குப் போய்விட்டது.